வாசிக்கவொண்ணா வர்த்தமானி

சட்டம் இயற்றப்பட்டவுடன் அரசின் கடமை முடிந்துவிடுவதில்லை. அதற்குக் கட்டுப்பட வேண்டியவரின் செவியை அது எட்டும்வரை அக்கடமை நிலுவையிலேயே நிற்கின்றது. பண்டை வேந்தர் யானைமீது முரசேற்றி அறைவித்ததும், பிரித்தானியர் ஆட்சியின் தொடக்கத்திலே பிரகடனங்கள் ஊர்தோறும் பறையறைந்து அறிவிக்கப்பட்டதும் இக்கடமையின் பொருட்டேயாம். 1802 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் இலங்கை அரசாங்க வர்த்தமானியின் முதலிதழ் வெளிவந்தபோது பறையின் இடத்தை அச்சு பிடித்துக்கொண்டது. வாசிக்கத் தெரிந்தவர் வாசித்து, தெரியாதவருக்கு எடுத்துரைப்பர் என்பதே அந்த ஏற்பாட்டின் நம்பிக்கை. அந்நம்பிக்கை எத்துணை பொய்த்தது என்பதைத் திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ வாழும் மக்கள் நன்கறிவர். கொட்டியாரக் குடாவின் தென்கரையிலே சம்பூர் மக்களின் 818 ஏக்கர் காணி 2012 இல் ஒரு வர்த்தமானி அறிவித்தலினால் முதலீட்டு வலயமாயிற்று. 2015 இல் இன்னோர் அறிவித்தலினால் அது நீக்கப்பட்டது. ஊரை விட்டு அகன்று முகாம்களிலே கிடந்தோரின் தலைவிதியைப் புரட்டிய அவ்விரு தாள்களையும் அவருள் எத்தனை பேர் கண்ணாற் கண்டிருப்பர்?

இன்று வர்த்தமானிக்குப் புதியதொரு வாசகர் கூட்டம் தோன்றியுள்ளது. மென்பொருள் முகவர் என வழங்கப்படும் இவை, ஒருவர் இட்ட ஏவலை ஏற்று, தாமே ஆவணங்களைத் தேடி, வாசித்து, ஒப்புநோக்கி, விண்ணப்பம் நிரப்பி, மடலும் வரைந்து முடிக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள். 'எனது விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது? எந்தச் சட்டத்தின்கீழ் முறையிடலாம்?' என்று கைபேசியிலே தமிழிற் கேட்பவருக்கும் இவை விடை தருகின்றன. சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த வகையற்ற மூதூர் விவசாயிக்கும் திருக்கடலூர் மீனவருக்கும் இனிவரும் காலத்திலே சட்டத்தின் முதல் உரையாசிரியர் இத்தகைய கருவியாகவே இருக்கப்போகின்றது. அது விரும்பத்தக்கதா என வாதிட விரும்புவோர் வாதிடுக. வந்துவிட்டது என்பது மெய். ஆகவே எழுகின்ற வினா இது: இவ்வாசகருக்கு இலங்கையின் சட்டம், அதிலும் குறிப்பாக இயந்திரத்தின் தீர்ப்பினைக் கட்டுப்படுத்தும் சட்டம், தமிழிலே வாசிக்கக் கிடைக்கின்றதா? பெயரளவிற் கிடைக்கின்றது, உண்மையிற் கிடைக்கவில்லை. இந்த இடைவெளியைச் சிறு தொழில்நுட்பக் குறைபாடு என்று கூறி ஒதுக்குவோர் தமிழ்பேசும் மக்களின் சட்டவுரிமையை விலைகூறாமலே விற்கின்றனர்.

இயந்திரத் தீர்ப்பு என்பது மேலைநாட்டுக் கதையன்று. திருகோணமலைத் துறைமுகத்திலே இறங்கும் சரக்குகளின் பிரகடனங்கள் அசிக்குடா என்னும் கணினி முறையினூடாகவே சுங்கத் திணைக்களத்தை அடைகின்றன. எப்பொதியைத் திறந்து பார்ப்பது, எதனைப் பாராது விடுவது என்னும் தெரிவிலே கணினிக்கும் பங்குண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 இல் இலங்கை மீனுக்குத் தடைவிதித்து 2016 இல் அதனை நீக்கிய காலப்பகுதியிலே, ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களிற் செய்மதிக் கண்காணிப்புக் கருவி பொருத்தும் நடைமுறை விரைவுபெற்றது. கலம் எங்கே நிற்கின்றது என்பதைக் கரையிலுள்ள திரை அறியும். அத்திரை எவ்விதியைக் கொண்டு தன்னைக் குற்றவாளியாக்கும் என்பதைப் படகோட்டி அறியான்.

இவையாவற்றினும் வீட்டுக்கு வீடு உறைத்தது அஸ்வெசும நலன்புரித் திட்டம். 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் 2023 இல் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்திலே, ஒரு குடும்பம் வறியதா அன்றா என்பதைக் கிராம உத்தியோகத்தரின் கண்ணும் அயலவரின் வாயும் தீர்மானிப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு எனும் ஆறு துறைகளில் அடங்கும் 22 குறிகாட்டிகளின்படி தரவுகள் திரட்டப்பெற்றுக் கணினிக்குள் இடப்படுகின்றன, புள்ளிகள் வெளிவருகின்றன, அப்புள்ளிகளின்படி குடும்பங்கள் மிக வறியோர், வறியோர், பாதிக்கப்படக்கூடியோர், நிலைமாறுவோர் எனப் பிரிக்கப்படுகின்றன, அல்லது பட்டியலுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. முதற் பட்டியல் வெளிவந்ததும் நாடெங்கும் இலட்சக்கணக்கில் மேன்முறையீடுகளும் ஆட்சேபனைகளும் குவிந்தன. பிரதேச செயலக வாயிலிலே வரிசையில் நின்ற பெண்களுக்கு ஒரே விடைதான் கிடைத்தது: 'கணினி அப்படிக் காட்டுகின்றது, அம்மா.' அவ்விடையைக் கூறிய உத்தியோகத்தரையும் குறைகூறல் தகாது. குறிகாட்டி ஒவ்வொன்றுக்கும் என்ன நிறை, எங்கே வெட்டுப்புள்ளி என்பதை அவரும் அறியார். வறுமை இவ்வாறு அளக்கப்படுவது சரியா பிழையா என்பது வேறொரு கட்டுரைக்குரிய பொருள். கடலுக்குச் சென்ற நாளிற் செல்வனாகவும் செல்லாத மாதத்தில் வறியனாகவும் வாழும் மீனவனை ஒருநாட் கணக்கெடுப்பினால் அளக்க முற்பட்டவரின் துணிவு மட்டும் பாராட்டத்தக்கது.

இத்தகைய தீர்ப்புக்கு எதிராக இந்நாட்டுச் சட்டத்தில் ஏதேனும் புகல் உண்டா? உண்டு. செயற்கை நுண்ணறிவுக்கெனத் தனிச் சட்டம் இலங்கையில் இன்னும் இயற்றப்படவில்லை. ஆயினும் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு, முற்றிலும் தன்னியக்கச் செயன்முறையினால் எடுக்கப்பட்ட தீர்மானம் ஒன்று ஒருவரின் உரிமைகளிலே மீளாததும் தொடர்வதுமான தாக்கத்தை உண்டாக்குமெனின், அதனை மீளாய்வு செய்யுமாறு கோரும் உரிமையை அவருக்கு வழங்குகின்றது. அப்பிரிவிலேயே விலக்குகளும் உள. எழுத்திலான சட்டம் ஒன்றினால் அதிகாரமளிக்கப்பட்ட தீர்மானமாயின் அவ்வுரிமை பொருந்தாது என்பது அவற்றுள் ஒன்று. அஸ்வெசுமத் தீர்மானம் 'முற்றிலும் தன்னியக்கமானதா', 'எழுத்திலான சட்டத்தினால் அதிகாரமளிக்கப்பட்டதா' என்னும் இவ்விரு தொடர்களின் பொருளிலே ஓர் ஏழைக் குடும்பத்தின் வழக்கு முழுவதும் தொங்குகின்றது. இத்தகைய இடத்திலே சட்டத்தின் சாரம் போதாது. சொல்லுக்குச் சொல் மூலபாடம் வேண்டும்.

அம்மூலபாடத்தைத் தேடிச் செல்லும் மென்பொருள் முகவர் எதனைக் காண்கின்றது? தமிழ் வர்த்தமானிகளும் சட்டப் பிரதிகளும் இணையத்தில் இல்லாமலில்லை. ஆனால் அவற்றுட் பல, கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்குக் குப்பையாகவும் அமைந்தவை. இதன் காரணம் அச்சுத் தொழிலறிந்தோர்க்குத் தெரிந்ததே. ஒருங்குறி எனப்படும் பொதுக் குறிமுறையிலே தமிழுக்கு 1991 இலேயே இடம் ஒதுக்கப்பட்டது. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் 2008 இல் 1326 ஆம் இலக்கத் தமிழ்க் கட்டளையை வெளியிட்டது. எனினும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் அலுவலகங்களை விட்டு அகலவில்லை. அவ்வெழுத்துருவிலே 'தமிழ்' என்னும் சொல் கணினியின் நினைவிலே ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கின்றது. எழுத்துரு உடனிருந்தால் திரையிலும் தாளிலும் அது தமிழாய்த் தோன்றும். அதனைப் படியெடுத்தால், தேடினால், இயந்திரத்துக்கு வாசிக்கக் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் கூட்டமே மிஞ்சும். தமிழ்மொழியின் பெயரையே தமிழாக அறிய மாட்டாத ஆவணத்திற்கு அரச இலச்சினை பொறித்து 'தமிழ்ப் பிரதி' எனப் பெயரிடுதல் நகைப்புக்குரியது. வேறு சில ஆவணங்களோ நிழற்படங்கள். ஆங்கு எழுத்தென்று ஒன்று இல்லவேயில்லை; கறையும் கோடும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024/1689 ஆம் இலக்கச் செயற்கை நுண்ணறிவு ஒழுங்குவிதியை இதனோடு ஒப்பிடுக. 113 உறுப்புரைகளையும் 13 இணைப்புகளையும் கொண்ட அச்சட்டம் 2024 ஓகஸ்ட் முதலாம் நாள் நடைமுறைக்கு வந்தது. அரச நலன்புரி உதவிக்குத் தகுதியானவரைத் தெரிவுசெய்யும் கருவிகளை அது உயர் இடர் உடையவை என வகுத்துள்ளது. அத்தகைய தீர்மானத்தாற் பாதிக்கப்பட்டவர் விளக்கம் கோரும் உரிமையை அதன் 86 ஆம் உறுப்புரை கூறுகின்றது. அதன் பாடம் 24 மொழிகளிலே நிலையான முகவரியோடும் இயந்திரம் பகுத்தறியத்தக்க அமைப்போடும் வெளியிடப்பட்டுள்ளது. ஐந்து இலட்சத்தைச் சற்றே ஒட்டிய மக்கள் பேசும் மோல்டா மொழியும் அவற்றுள் ஒன்று. அம்மோல்டாப் பாடத்துக்கும் ஜெர்மன் பாடத்துக்கும் சட்டத்தின்முன் ஏற்றத்தாழ்வு இல்லை. விளைவு என்ன? திருகோணமலையிலிருந்து ஒருவர் 'கணினி எடுத்த தீர்மானத்துக்கு எதிராக எனக்கு என்ன உரிமை?' எனத் தமிழிலே கேட்பாராயின், முகவர் தெளிவாக வாசிக்கத்தக்கது பிரசெல்ஸ் நகரத்துச் சட்டம். தட்டுத்தடுமாறி வாசிக்கவேண்டியது கேட்டவரின் சொந்த நாட்டுச் சட்டம். தனக்குப் பொருந்தாத உரிமையை நம்பி அலுவலகம் சென்று திரும்புபவரின் அவமானத்துக்கு யார் பொறுப்பு?

இவ்விடத்திலே எதிர்வாதங்கள் சில எழும். அவற்றுள் முதலாவது, 'ஆங்கிலப் பாடம் இருக்கின்றதே. அதை வாசித்து இயந்திரமே தமிழாக்கிக் கொள்ளட்டும்' என்பது. கொழும்பிலே குளிரூட்டிய அறைகளில் இருந்து இதனைக் கூறுவோர் அரசியலமைப்பை ஒருமுறை புரட்டிப் பார்த்தல் நன்று. 1987 இன் பதின்மூன்றாவது திருத்தம் தமிழும் அரசகரும மொழியாதல் வேண்டும் என்றது. 1988 இன் பதினாறாவது திருத்தத்தின்படி வடக்குக் கிழக்கு மாகாணங்களிலே தமிழே நிருவாக மொழியாகவும் பொதுப் பதிவேடுகளின் மொழியாகவும் இருத்தல் வேண்டும். சட்டங்கள் யாவும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு வெளியிடப்படுதல் வேண்டும். ஆங்கிலம் மொழிபெயர்ப்பாக உடன் வரும். அஃதாவது, திருகோணமலைக் கச்சேரியிலே சட்டமாக நிற்பது தமிழ்ப் பாடம். ஆங்கிலப் பாடமே மொழிபெயர்ப்பு. மொழிபெயர்ப்பிலிருந்து இயந்திரம் மீளவும் மொழிபெயர்த்த ஒன்றை மக்களுக்கு ஊட்டிவிட்டு, உண்மைப் பாடத்தைப் பெட்டகத்திற் பூட்டிவைத்தல் அரசியலமைப்பைத் தலைகீழாக நிறுத்துவதாகும். 18 ஆம் பிரிவைப் போன்ற இடங்களிலே இயந்திரம் ஆக்கும் தமிழ்ச் சொல்லும் சட்டத்திலுள்ள தமிழ்ச் சொல்லும் வேறுபடுமாயின், முறைப்பாட்டு மடலைக் கையிலெடுக்கும் உத்தியோகத்தர் 'இப்படியொரு சொல் சட்டத்திலே இல்லை' என ஒரே வரியில் அதனைத் தள்ளிவிடுவார்.

அரசியலமைப்பு தமிழுக்கு இவ்விடத்தைக் கொடுத்தது உண்மையாயினும், இயற்றப்படும் சட்டந்தோறும் இறுதியிலே ஒரு வாசகம் பதுங்கியிருக்கின்றது: சிங்களத்துக்கும் தமிழுக்கும் இடையே ஒவ்வாமை ஏற்படின் சிங்களமே மேலோங்கும் என்பது அது. தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதற்கு விலக்கன்று. இவ்வாசகத்தின் அநீதியைத் தமிழ்ச் சட்டவறிஞர் பலகாலமாக அறிவர்; ஆயினும் ஒவ்வாமை எங்கெங்கே உள்ளது என்பதை எவரும் முழுமையாக ஒப்புநோக்கியதில்லை, ஒப்புநோக்க மனித ஆயுளும் போதாது. இரு பாடங்களும் மெய்யான எழுத்துகளில், பிரிவுக்குப் பிரிவு இலக்கமிட்டுக் கிடைக்குமாயின், எந்த மென்பொருள் முகவரைக் கண்டு அஞ்சுகின்றார்களோ அதுவே அவ்வேலையின் பெரும்பகுதியைச் சில நாள்களிலே செய்து, ஐயத்துக்குரிய இடங்களை அறிஞர் முன் வைத்துவிடும். எந்தெந்தப் பிரிவிலே தமிழ்க் குடிமகனின் உரிமை சிங்களக் குடிமகனின் உரிமையிலும் குறுகியிருக்கின்றது என்பது அன்று அட்டவணையாகக் கையில் இருக்கும். தமிழ்ப் பாடங்கள் வாசிக்கவொண்ணா நிலையிற் கிடப்பதனால் நன்மையடைவோர் யாவர் என்பதை இதனைக் கொண்டு உய்த்துணர்வது கடினமன்று. எவரும் திட்டமிட்டுச் செய்த சதி எனக் கூறல் மிகையாகலாம். ஆனால் அலட்சியத்தின் பலன் ஒருவர் பக்கமே தொடர்ந்து சாயுமாயின் அதனை அலட்சியம் என்று மட்டும் எத்தனை நாள் அழைப்பது?

இரண்டாவது எதிர்வாதம் வறுமையைக் காட்டுவது. கடனில் மூழ்கி 2022 இல் வங்குரோத்தான நாடு சட்டப் புத்தகத்துக்கு அலங்காரம் செய்வதா என்பர். சட்ட ஆவணங்களுக்கான உலகப் பொது அமைப்புகளுள் முதன்மையான அகோமா என்தோசோ எங்கே பிறந்தது என்பதை இவர்கள் அறிந்திலர் போலும். அது ஆபிரிக்க நாடாளுமன்றங்களின் ஆவணங்களுக்கென ஐக்கிய நாடுகள் அமைப்பின் முயற்சியில் உருவாயிற்று. மேற்கு ஆபிரிக்காவின் அகான் மொழியிலே இணைந்த இதயங்கள் எனப் பொருள்படும் பெயரே அதற்குச் சூட்டப்பட்டது. 2018 இல் அது பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. அதனைப் பயன்படுத்தக் கட்டணம் ஏதுமில்லை. பிரித்தானியரோ 2010 முதல் தம் சட்டங்களைப் பிரிவுதோறும் தனி முகவரியிட்டு இயந்திரம் வாசிக்கும் வடிவிலே வெளியிட்டு வருகின்றனர். 1869 இன் சுங்கக் கட்டளைச் சட்டத்தை அவர்களிடமிருந்து பெற்று இன்றுவரை காத்துவரும் நாடு, வெளியிடும் முறையை மட்டும் அவர்களிடமிருந்து கற்க மறுப்பது விந்தையே.

இதனாற் பயனடைவோர் பெரும் நிறுவனங்களே என்பது இன்னொரு வாதம். அந்நிறுவனங்களுக்குச் சட்டத்தரணிகள் குழுக்குழுவாக இருக்கின்றனர். சட்டம் எவ்வடிவிற் கிடந்தாலும் அவர்கள் வாசிப்பர். அத்தகைய குழு இல்லாதவருக்கே இயந்திரத்தின் துணை தேவைப்படுகின்றது. சீனக்குடாவின் எண்ணெய்த் தாங்கிகள் 2022 ஜனவரி ஒப்பந்தங்களாற் பங்கிடப்பட்டபோது எந்தத் தாங்கி எவர்க்கு என்பதை ஒப்பந்தக்காரர் யாவரும் ஐயமின்றி அறிந்திருந்தனர். அவர்களுக்கு வர்த்தமானியின் எழுத்துரு ஒரு தடையாக இருந்ததில்லை.

தமிழறிஞரும் இவ்வழக்கிலே குற்றமற்றவர் அல்லர். செயற்கை நுண்ணறிவு என்பதா, செயற்கை அறிதிறன் என்பதா, முகவர் என்பதா, முகவி என்பதா என்று கூட்டங்கள் கூடுகின்றன, பொன்னாடைகள் போர்த்தப்படுகின்றன. சொல்லாக்கம் வேண்டாமென எவரும் கூறார். எனினும், ஆக்கிய சொல்லைச் சட்டத்தில் ஏற்றிய பின்னர் அச்சொல் அரைப்புள்ளியும் ஆங்கில எழுத்துமாகச் சேமிக்கப்படுகின்றது என்பதைக் குறித்து ஒரு தீர்மானமாவது நிறைவேற்றப்படல் வேண்டாமா?

இயந்திரம் பிழைபட வாசிக்கும் என்னும் அச்சம் ஒன்றே மதிக்கத்தக்க எதிர்வாதம். அது வாசிக்கும், வாசித்தும் வருகின்றது. நிழற்படத்திலுள்ள எழுத்தை ஊகித்து வாசிக்கும் திறன் இன்று கருவிகளுக்கு உண்டெனினும், 'பொருந்தும்' என்பதைப் 'பொருந்தாது' என்று ஒரேயோரிடத்திற் கொண்டாலும் வழக்குக் கவிழும். இவ்வச்சத்திலிருந்து பெறப்படும் முடிபு, மெய்யான எழுத்திலே பாடத்தை அரசே வழங்குதல் வேண்டும் என்பதன்றி, வழங்காதிருத்தல் வேண்டும் என்பதன்று. இயந்திரத்தை ஊகிக்க விடுவோர் ஊகத்தின் பிழைக்கும் பொறுப்பேற்க வேண்டியவர் ஆவர். பாடத்தோடு காலமும் குறிக்கப்படுதல் இன்றியமையாதது. தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையே எடுத்துக்கொள்க. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் பகுதிகள் ஒத்திவைக்கப்பட்டன. ஒத்திவைத்த செய்தி ஒரு தாளிலும் சட்டம் இன்னொரு தாளிலும் கிடக்க, ஒன்றை மட்டும் கண்ட முகவர் 'உமக்கு இவ்வுரிமை இன்றே உண்டு' எனத் துணிந்து கூறும். கிராம உத்தியோகத்தரும் இதே பிழையைச் செய்யக்கூடியவரே. ஆனால் அவர் ஒரு நாளில் ஒருவருக்குச் செய்வதனை இயந்திரம் ஓராயிரம் பேருக்குச் செய்துவிடும். ஆகவே ஒவ்வொரு பிரிவும் எந்நாளிலிருந்து நடைமுறையில் உள்ளது, எத்திருத்தத்தினால் மாறியது, எவ்வர்த்தமானியில் வெளிவந்தது என்னும் விபரங்கள் அப்பிரிவோடு பிரியாது பிணைக்கப்பட்டு, அரசாங்க அச்சகரின் இலத்திரனியல் ஒப்பமும் பெற்றிருத்தல் வேண்டும். ஒப்பமற்ற பாடத்தை ஏற்காதிருக்கும்படி முகவரைப் பணிக்கலாம். ஒப்பமே இல்லாத நாட்டிலே அதற்கு எதைக் கற்பிப்பது?

இயற்றப்படவுள்ள செயற்கை நுண்ணறிவுச் சட்டம் இவ்வழியிற் பிறத்தல் வேண்டும். இயந்திரங்களுக்கு விதிக்கப்படும் கட்டளையை இயந்திரங்களால் வாசிக்க முடியாமற் செய்துவைத்து, பின்னர் அவை மீறின என்று தண்டிக்க முற்படும் அரசு எந்த நீதிமன்றத்தில் நிற்கும்? முதல் வரைவு நாளிலிருந்தே சிங்களமும் தமிழும் ஒருங்குறியிலே, பிரிவுக்குப் பிரிவு ஒத்த இலக்கத்தோடு வெளிவருதல் வேண்டும். மேலோங்கும் மொழி பற்றிய வாசகம் அச்சட்டத்திலேனும் கைவிடப்படுதல் வேண்டும். வரைவு ஆங்கிலத்தில் எழுந்து, சிங்களத்தில் நிறைவேறி, தமிழிலே மாதங்கள் கழித்துப் பழைய எழுத்துருவில் வந்து சேரும் வழமை அதிலும் தொடருமாயின், வடக்கிலும் கிழக்கிலும் அது பெயர்ப்பலகையாகவே தொங்கும்.

இதற்கென ஆணைக்குழு எதுவும் வேண்டியதில்லை. சட்டவரைஞர் திணைக்களமும் அரசாங்க அச்சகத் திணைக்களமும் அரசகரும மொழிகள் திணைக்களமும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தாற் போதும். தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 18 ஆம் பிரிவு ஒரு பக்க அளவினது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலே கணினி பயிலும் மாணவர் ஒருவர் அதன் தமிழ்ப் பாடத்தை ஒரு பிற்பகலில் ஒருங்குறியிலே தட்டச்சிட்டு, இலக்கமிட்டு, பிழைதிருத்தி முடித்துவிடுவார். ஆனால் அவர் தட்டச்சிட்டது சட்டமாகாது. அதனைப் பார்த்து இதுவே சட்டம் என ஒப்பமிடும் அதிகாரம் பெற்ற உத்தியோகத்தர் கொழும்பிலே இருக்கின்றார்.